மனிதர் குமுறாத அகராதி

நமது லத்தீன்–தமிழ் அகராதிக் குழுவின் தலைவர் ஒரு சொல்லின் பொருளை வெட்டி எறிந்தார். அதை எழுதிய பெண்ணை வேலையை விட்டு அனுப்பினார். பிறகு முன்னுரையில், "எல்லாப் பொருள்களும் விடுபடாமல் தரப்பட்டுள்ளன" என்று பொய் எழுதி, கீழே கையொப்பமும் போட்டார்.

இரண்டாம் பதிப்பு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வந்ததும் வராததுமாகப் பழைய ஆள் ஒருத்தி சண்டை மூட்டுகிறாள் என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். சொற்பொருள் எழுதும் அட்டைகளை எப்படி அடுக்குவது, சுருக்கக் குறிகளை எங்கே போடுவது என்பதை அங்கே யாராவது சொல்லித் தருவார்கள். எந்த இடத்தில் "முடியாது" என்று சொல்ல வேண்டும் என்பதை யாரும் சொல்லித் தர மாட்டார்கள். அதை நான் சொல்கிறேன்.

நான் கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். கண்டியில் குருத்துவப் படிப்புக்கு வரும் பையன்களுக்கு லத்தீன் படிப்பித்தேன். மிச்ச நேரமெல்லாம் அகராதிக் குழுவில். நான் ஓய்வுபெற்றதாகக் குழுவின் செய்திமடலில் போட்டிருக்கிறார்கள். ஓய்வுபெற வைத்தார்கள் என்று போட்டிருந்தால் சரியாக இருந்திருக்கும்.

சண்டைக்குக் காரணமான சொல் 'ஃபிரேமெரே'. சத்தத்தைக் குறிக்கும் ஒரு வினைச்சொல். லத்தீனில் சத்தத்துக்கு நிறைய வினைகள் உண்டு. 'சொனாரே' என்றால் வெறுமனே ஒலிப்பது. மணி ஒலிக்கும், குரல் ஒலிக்கும். 'கிரெபாரே' என்றால் படாரென்று வெடிப்பது, கிறீச்சிடுவது. அடுப்பில் மூங்கில் வெடிப்பதும், எண்ணெய் போடாத கதவு திறப்பதும் அதுதான். 'ஸ்த்ரேபெரே' என்றால் கலகலத்த, தடதடத்த இரைச்சல். கண்டி பஸ் நிலையத்தில் காலையில் போய் நின்றால் கொண்டக்டர்மாரின் கூச்சலும் ஹோர்னும் தகரக் கூரையில் விழும் மழையுமாக அந்தச் சொல்லின் முழுப் பொருளும் காதில் விழும்.

ஃபிரேமெரே அப்படி இல்லை. அது அடித்தொண்டையிலிருந்து வருவது. சிங்கம் பாய்வதற்கு முன்னால் செய்வது, போருக்கு நிற்கும் குதிரை மூச்சில் காட்டுவது, கரைக்கு வராத அலை தூரத்தில் செய்வது. பேராதனைப் பாலத்துக்குக் கீழே மகாவலி ஆறு வெள்ளமாகப் போகும்போது கவனித்துக் கேளுங்கள், அதுதான். லத்தீன்காரர்கள் இந்தச் சொல்லை மனிதக் கூட்டத்துக்கும் சொன்னார்கள். கூட்டம் சம்மதித்து "ம்ம்" என்றாலும் இந்தச் சொல்தான். கூட்டம் பொறுக்க முடியாமல், இன்னும் வார்த்தை வராமல், வாய்க்குள் பொருமினாலும் இந்தச் சொல்தான். அதற்கும் மேலே ஒன்று உண்டு. இன்னது வேண்டும் என்று கூட்டம் உறுமிக் கேட்பதற்கும் இதையே சொன்னார்கள். எதைக் கேட்கிறார்களோ அது அந்த வினைக்குச் செயப்படுபொருளாகவே வந்துவிடும். அவ்வளவு கோபமும் ஒரே சொல்லுக்குள் இருக்கிறது.

இப்போது அச்சில் வந்திருக்கும் அகராதியை எடுத்துப் பாருங்கள். ஃபிரேமெரே: குதிரை கனைத்தல், சிங்கம் உறுமுதல், கடல் இரைதல். முற்றுப்புள்ளி. மனிதரைக் காணோம்.

இது எப்படி நடந்தது என்பதைச் சொல்ல நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் சேர்ந்த காலத்தில் குழுவை நடத்தியவர் யாழ்ப்பாணத்துப் பாதர் ஒருவர். பெயர் வேண்டாம், அவருக்கே பிடிக்காது. முன்கோபி. வெற்றிலை போடுவார். கண்டி ஏரிக்கு மேலே மேட்டில் இருக்கும் குழுவின் கட்டடத்தில், மேல்மாடியில்தான் வேலை. ஒரு நாள் என்னோடு வேலை செய்த இளைஞர் ஒருவர் ஒரு வாக்கியத்தை மொழிபெயர்த்துக் கொடுத்தார். "சிங்கம் முணுமுணுத்தது" என்று எழுதியிருந்தார். பாதர் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன ஐசே, சிங்கம் முணுமுணுக்குமோ? மனிசியோட கோவமோ அதுக்கு?"

நாங்கள் சிரித்தோம். இளைஞரின் முகம் சிவந்துவிட்டது. "இங்கிலிஷ் அகராதியில அப்படித்தான் இருக்கு பாதர்."

"அப்ப நீர் இங்கிலிஷ்காரன்ர சிங்கத்திட்டப் போய்க் கேளும். எனக்கு லத்தீன் சிங்கம் வேணும். எழும்பும். கத்திக் காட்டும் பாப்பம்."

நம் வேலையில் அடிக்கடி நடக்கும் தவறு இது. லத்தீன் சொல்லுக்குப் பொருள் தேடாமல், ஆங்கில அகராதி அந்தச் சொல்லுக்குக் கொடுத்த பொருளுக்குப் பொருள் தேடுவது. சமையற்காரனுக்கோ தச்சனுக்கோ இந்தத் தவறு வராது. நமக்கு மட்டும்தான் வரும், ஏனென்றால் நம் மேசையில் மரமும் இல்லை, மீனும் இல்லை, இன்னொருத்தனின் அகராதிதான் இருக்கிறது.

அன்றிலிருந்து பாதர் ஒரு வழக்கம் வைத்தார். சத்தச் சொல் எதுவானாலும், எழுதுகிற ஆள் எழுந்து நின்று அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்ட வேண்டும். போட்டுக் காட்டாத அட்டை உள்ளே போகாது. வளர்ந்த மனிதர்கள் கதிரைகளைத் தள்ளிவிட்டு உறுமினோம், கனைத்தோம், தகரமாகத் தடதடத்தோம். கீழே சமையலறையில் இருந்த சிஸ்டர் முதல் நாள் அகப்பையோடு ஓடி வந்தார். "ஆருக்கு வலிப்பு?" என்று கேட்டார்.

ஒரு நாள் நாங்கள் ஃபிரேமெரேயில் இருந்தபோது கதவு திறந்தது. பிஷப் நின்றார். வேலை எப்படிப் போகிறது என்று பார்க்கச் சொல்லாமல் கொள்ளாமல் வந்திருந்தார். அப்போது நான் பொருமும் கூட்டமாக இருந்தேன். வாயை மூடிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். அந்த இளைஞர் அவசரமாகக் கதிரைகளை இழுத்துப் போட்டார். எல்லோரும் பாதரைப் பார்த்தோம். மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தேநீருக்குச் சொல்லியிருக்கலாம். பாதர் அப்படிச் செய்யவில்லை.

"நல்ல நேரம் வந்தியள் ஆண்டகை. எங்களுக்கு ஆள் காணாது. ஒருக்கா சம்மதிக்கிற கூட்டமாகக் கத்துங்கோ."

பிஷப் திகைத்தார். பிறகு வாயை மூடி, தலையை ஆட்டி, "ம்ம்ம்ம்" என்றார்.

"சரி. இனி சம்மதிக்காத கூட்டம்."

பிஷப் யோசித்தார். இந்த முறையும் வாய் மூடித்தான் இருந்தது. ஆனால் சத்தம் மூக்கிலிருந்து இறங்கி வயிற்றுக்குப் போய், அங்கிருந்து ஏறி வந்தது. அறையே கொஞ்சம் இருண்ட மாதிரி எனக்கு இருந்தது. பிஷப்புக்கே தன் சத்தம் பிடிக்கவில்லை. "இவ்வளவும் எனக்குள்ள இருந்ததோ?" என்று கேட்டார். பாதர் அதை எழுதிக்கொண்டார்.

இதை வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளே. பெரிய ஆள் உள்ளே வந்ததும் வேலையை மூடி மறைக்கிறவனுக்கு அந்த வேலை மேல் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம். நம்பிக்கை இருந்தால், வந்தவரையும் வேலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பாதர் வடக்குக்கு மாற்றலாகிப் போய் அங்கேயே காலமானார். காலம் போனது. சிங்கத்தை முணுமுணுக்க வைத்த அந்த இளைஞர்தான் இப்போதைய தலைவர். நாங்கள் சிரித்த அந்தச் சிரிப்பை அவர் மறக்கவில்லை என்று நினைக்கிறேன். மறக்க வேண்டாம். நான் குறை சொல்வது அதையல்ல. தலைவரானதும் அவர் செய்த முதல் காரியம் அந்த வழக்கத்தை நிறுத்தியது. "இது அகராதிக் குழு. மிருகக்காட்சிசாலை இல்ல" என்றார். அதற்குப் பிறகு மேல்மாடியில் சத்தமே இல்லை. ஆங்கில அகராதிகளின் பக்கம் புரளும் சத்தம் மட்டும்தான்.

அப்படிப்பட்ட அறைக்குத்தான் ரோஸ்லின் வந்தாள். பன்வில பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. அம்மா இன்னும் கொழுந்து பறிக்கிறார். பல்கலைக்கழகத்தில் லத்தீன் படித்துவிட்டு வந்திருந்தாள். சத்தச் சொற்களின் பழைய அட்டைகள் பாதரோடு வடக்குக்குப் போய்விட்டன. அவற்றைப் புதிதாக எழுத அவளிடம் கொடுத்தார்கள், வேறு யாரும் அந்த வேலையை விரும்பவில்லை. ஃபிரேமெரேயின் மனிதப் பொருளில் அவளுக்குச் சிக்கல் வந்தது. என்னிடம் வந்தாள்.

"டீச்சர், கத்துறதும் இல்ல, முணுமுணுக்கிறதும் இல்ல. ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு. அதுக்கு என்னா போடுறது?"

தலைவர் வெளியே போயிருந்தார். நான் கதவைச் சாத்தினேன். "சத்தம் போட்டுக் காட்டு" என்றேன். பழைய வழக்கத்தையும் சொன்னேன். அவள் என்னைப் பைத்தியக்காரி மாதிரிப் பார்த்தாள்.

"எங்க பிரட்டுக்களத்துல ஒரு சத்தம் வரும் டீச்சர்" என்றாள்.

பிரட்டுக்களம் என்றால், தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க எல்லோரும் கூடும் இடம். எனக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை.

"இன்னையிலருந்து இத்தனை கிலோ கூட எடுக்கணும், இல்லன்னா அரைப் பேரு, பாதி நாள் சம்பளந்தான்னு கங்காணி சொல்லுவாரு. யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க. எங்கம்மா சத்தமே போட மாட்டாங்க டீச்சர், வீட்லயும் போட மாட்டாங்க. கூடை பாட்டுக்கு முதுகுல கெடக்கும். ஆனா எல்லாப் பொம்பளைங்க கிட்டருந்தும் ஒண்ணா ஒரு சத்தம் வரும். கங்காணி நிமிந்து பாத்தா யாரு போட்டாங்கன்னு தெரியாது."

அந்தச் சத்தத்தை அவள் போட்டுக் காட்டினாள். நான் கலஹாவில் சின்ன வயதில் கேட்டது அது. பிஷப்பின் வயிற்றிலிருந்து வந்ததும் அதுதான்.

"எழுது" என்றேன்.

அவள் எழுதினாள். பொருள்: கூட்டம் உள்ளுக்குள் குமுறுதல், பொருமுதல், குமுறிக் கேட்டல். எங்கள் அகராதியில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தமிழ் வாக்கியம் சேர்ப்பது விதி. அவள் சேர்த்த வாக்கியம் இது: "கிலோவைக் கூட்டியதும் பிரட்டுக்களத்தில் பெண்கள் குமுறினார்கள்."

குழுக் கூட்டத்தில் தலைவர் அந்த அட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"ரோஸ்லின், இது என்னம்மா? லத்தீன் அகராதியா, தொழிற்சங்க நோட்டீஸா?"

"வாக்கியம் வேணும்னு விதி இருக்கே சேர்."

"பிரட்டுக்களம், கிலோ... உரோமையில கிலோ இருந்துச்சா?"

"உரோமையில ஜனங்க கோவப்படலையா சேர்?"

ஒருவர் சிரித்துவிட்டு உடனே இருமினார். தலைவர் சிரிக்கவில்லை. "உரோமையில கோவப்பட்டது வேற விஷயம்" என்றார்.

வேற விஷயமாம். எது வேற விஷயம் என்று நான் கேட்டேன். கடைசியில்தான் உண்மை வெளியே வந்தது. அகராதியை அச்சிடப் பணம் கொடுத்தவர் தோட்டக் கம்பெனி ஒன்றின் டைரக்டர். முதல் பக்கத்தில் அவருக்கு நன்றி. "அவர் இதைப் பார்த்தா என்ன நினைப்பார்?" என்றார் தலைவர்.

நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த டைரக்டர் ஒரு வார்த்தை கூடச் சொல்லியிருக்கவில்லை. அந்த அட்டையை அவர் கண்ணாலும் கண்டதில்லை. எனக்குத் தெரிந்தவரை லத்தீன் என்றால் மாதா கோயில் பாட்டு என்பதற்கு மேல் அவருக்கு எதுவும் தெரியாது. யாரும் கேட்காத கேள்விக்குப் பயந்து, யாரும் வெட்டச் சொல்லாத ஒன்றை வெட்டினார்கள். அதிகாரம் உள்ளவன் வந்து வாயைப் பொத்தினால் அதையாவது எதிர்த்து நிற்கலாம். அவன் வருவதற்கு முன்னாலேயே தன் கையால் தன் வாயைப் பொத்திக்கொள்கிறவனை என்ன செய்வது?

ரோஸ்லின் பணிந்துபோகத் தயாராகத்தான் இருந்தாள். "வாக்கியத்த மாத்துறேன் சேர். தோட்டத்த எடுத்துட்டு வேற ஏதாச்சும் போடுறேன். பொருள மட்டும் எடுக்காதீங்க. அத எடுத்தா படிக்கிற புள்ளைங்க ஜனங்க குமுறுன எடத்துல குதிரைய நெனைப்பாங்க."

தலைவர் பொருளையும் எடுக்க வேண்டும் என்றார். அந்தப் பொருள் இருந்தால் யாராவது திரும்பவும் வாக்கியம் கேட்பார்களாம். பிறகு அவளிடம், அந்தப் பொருளைத் தானே தவறாகச் சேர்த்ததாகக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லச் சொன்னார்.

அவள் எழுந்து நின்றாள். வேலை நிரந்தரமாகவில்லை என்று அவளுக்குத் தெரியும். ஊருக்குப் பணம் அனுப்புகிறாள் என்று எங்களுக்கும் தெரியும்.

"தவறு இல்லாதத தவறுன்னு எப்படி சேர் சொல்றது?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். உட்கார்ந்தாள்.

பொருளை எடுக்கச் சம்மதிப்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். நானும் அவளும் ஒரு பக்கம். மற்றவர்களெல்லாம் மேசையைப் பார்த்தபடி கை தூக்கினார்கள். மறு வாரத்தில் ரோஸ்லினுக்கு வேலை இல்லை. எனக்கு ஓய்வு.

நீங்களும் இப்படி ஒரு மேசைக்கு முன்னால் ஒரு நாள் உட்காருவீர்கள். அன்றைக்கு யோசிக்க நேரம் இருக்காது. அந்தப் பெண் எவ்வளவு விட்டுக்கொடுத்தாள், எங்கே நிறுத்தினாள் என்று பாருங்கள். வாக்கியம் அவளுடையது, அதை விட்டுக்கொடுத்தாள். பொருள் யாருடையதும் இல்லை, அதை விடவில்லை. எது உங்களுடையது, எது உங்களிடம் ஒப்படைக்கப்பட்டது என்று முதலில் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதை இழக்கலாம். இரண்டாவதை யாருக்கும் கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை.

அகராதி வெளியீட்டு விழாவுக்கு எனக்கு அழைப்பு வரவில்லை. போனேன். பங்குக் கோயிலின் மண்டபம் நிறைந்திருந்தது. பின் வரிசையில் பன்வில பஸ்ஸில் வந்த சில பெண்கள் நல்ல சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் ரோஸ்லினின் அம்மா. ரோஸ்லின் இப்போது அக்குறணையில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். அன்று சனிக்கிழமை, லீவு கிடைக்கவில்லை. புத்தகம் முடிந்தது, அதனால் வேலையும் முடிந்தது என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தாள். மகளின் பெயரைப் பார்க்க அம்மா அக்கம்பக்கத்தையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

என் கையில் இருந்த புத்தகத்தை அவர் மரியாதையாகத் தொட்டார். "டீச்சர், எம் மக பேரு எங்கன இருக்கு? விரலு வச்சுக் காட்டுங்க, நா பாத்துக்கிறேன்."

நன்றி சொன்ன பக்கத்தில் டைரக்டர் இருந்தார். அச்சகம் இருந்தது. தேநீர் கொடுத்தவர்கள் கூட இருந்தார்கள். நான் எங்கே விரல் வைப்பது?

எழுந்தேன். மேடையில் தலைவர் பேசிக்கொண்டிருந்தார். "ரோஸ்லின் என்ற பெண் எழுதிய பொருள் எங்கே? அவள் பெயர் எங்கே? அவளுடைய அம்மா இங்கே இருக்கிறார், அவருக்குச் சொல்லுங்கள்" என்று கேட்டேன்.

"டீச்சர், கேள்வி நேரம் இல்ல. தேத்தண்ணி ரெடி. பிறகு கதைப்போம்" என்றார், சிரித்துக்கொண்டே.

அப்போது அது வந்தது. பின் வரிசையிலிருந்து. யாரும் வாயைத் திறக்கவில்லை. ரோஸ்லினின் அம்மா மடியில் கை வைத்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் அவரிடமிருந்துதான் தொடங்கியது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. பக்கத்து வரிசைக்குப் போனது, என் பழைய மாணவர்களிடம் போனது, சிஸ்டர்மாரிடமும் போனது. மண்டபத்தின் தரையிலிருந்தே வருகிற மாதிரி இருந்தது.

தலைவர் மேலே மின்விசிறியைப் பார்த்தார். பிறகு மைக்கைத் தட்டினார். "மைக் இரையுது. அதைக் கொஞ்சம் பாருங்க" என்றார்.

ஒலிபெருக்கி வாடகைக்குக் கொண்டுவந்திருந்தவர் அக்குறணைக்காரர். மூலையிலிருந்து எழுந்து, "தேத்தண்ணி ரெடின்னு சொன்னப்பவே நா மைக்க ஓஃப் பண்ணிட்டேன் சேர்" என்றார்.

தலைவர் இறங்கித் தேநீருக்குப் போனார். அடுத்த செய்திமடலில், ஒலிபெருக்கிக் கோளாறால் விழாவில் சிறு இடையூறு ஏற்பட்டதாக எழுதியிருந்தார்கள்.

இரண்டாம் பதிப்பில் அந்தச் சொல்லின் அட்டை உங்களில் ஒருவர் கைக்கு வரும். மூன்று பொருள்தான் இருக்கிறது, அப்படியே விட்டுவிடு என்பார்கள். எழுந்து நின்று சத்தம் போட்டுப் பாருங்கள். பிறகு முடிவு செய்யுங்கள்.

தலைவரே, இனி உங்களுக்கு. நீங்களும் ஒரு காலத்தில் அந்த மேல்மாடியில் எங்களோடு நின்று உறுமியவர். அந்தச் சத்தம் என்னவென்று உங்களுக்குத் தெரியாது என்று என்னிடம் சொல்ல வேண்டாம். அதே மண்டபத்துக்கு வாருங்கள். பன்வில பஸ்ஸில் வந்தவர்களையும் அழையுங்கள். ரோஸ்லினுக்கு லீவு கிடைக்கும் நாளாகப் பாருங்கள். மைக் வேண்டாம். அவளுடைய அம்மாவின் முகத்தைப் பார்த்து, எல்லோர் காதிலும் விழும்படி பதில் சொல்லுங்கள்: அன்று அங்கே இரைந்தது எது?